வலத்தோள் மாராப்பு

ஆனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, ஜெயமங்கலத்தில் மூக்கம்மாள் வீட்டுக்குச் செத்துப்போனவர்கள் நான்கு பேர் கேதம் கேட்க வந்தார்கள். துக்கம் விசாரிக்க அந்த வீட்டில் அப்போது யாரும் செத்திருக்கவில்லை. வந்தவர்களில் இருவரை மூக்கம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒருவர் அவளுடைய பெரிய மாமனார்; இன்னொருவர் பால் சொசைட்டியில் அளவு ஊற்றிக்கொண்டிருந்து, மஞ்சள்காமாலையில் போன பிச்சைமணி. நான்கு பேரும் வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "போனது யாரு தாயி?" என்று கேட்டார்கள். யாரும் போகவில்லை என்றாள். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு பால் ஊற்றாத காப்பி இருந்தால் கொடுக்கச் சொன்னார்கள். மூக்கம்மாள் அன்று காலையில்தான் நாத்தனாரின் வளைகாப்புக்குப் போய்விட்டு வந்திருந்தாள். டி.வி. தொடரில் கதாநாயகி செம்பவளம் கட்டுகிற மாதிரியே சேலை கட்டி, மாராப்பை வலது தோளில் போட்டிருந்தாள்.

தகவல் நாலு மணிக்குள் அல்லிநகரத்துக்கு வந்துவிட்டது. வேல்விழி அங்கே மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்தாள். முகூர்த்தச் சேலைக்கு மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுப்பதில் தேனி வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன் வந்தபோது அவள் வாயில் ஏழெட்டுப் பின்கள் இருந்தன. ஒன்றைக்கூட விழுங்காமல் தப்பியது அதிர்ஷ்டம்தான். செத்தவர்கள் ஏன் வந்தார்கள் என்று ஊரே போனில் கேட்டுக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. பின்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தை மாதம் பண்ணைப்புரத்தில் அந்தத் தொடருக்குப் படப்பிடிப்பு நடந்தது. நாற்பது பெண்களுக்குச் சேலை கட்டிவிட வேல்விழியைக் கூப்பிட்டிருந்தார்கள். உடைகளுக்குப் பொறுப்பாகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஜோயல் நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்தவன். ஆனால் அவள் கட்டிக்காட்டிய பின்கொசுவத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். இது பத்து சீரியலில் வந்துவிட்டது என்றான். "உங்க ஆளுங்களுக்குன்னு தனியா எதுவுமே இல்லையாக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று குத்தியது. எட்டு ஊர்களில் நூற்றுச்சொச்சம் வீடுகள், மலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாகப் பல தலைமுறை வெள்ளாமை. அப்பேர்ப்பட்ட ஆட்களுக்குத் தனியாக என்ன இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே யோசித்தாள். கல்யாணச் சேலை காஞ்சிபுரத்திலிருந்து வருகிறது. கட்டும் விதம் யூடியூபிலிருந்து வருகிறது. மருதாணிக்கோலம் வடக்கேயிருந்து வருகிறது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டு.

அது கேதக் கட்டு. பாடை தெருமுனையைத் தாண்டியதும் அந்த வீட்டுப் பெண்கள் மாராப்பை வலது தோளுக்கு மாற்றி, முந்தியை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இடப்பக்கம் முடிவார்கள். பதினாறாம் நாள் வரைக்கும் அப்படித்தான். பின் குத்தக் கூடாது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மலை தாண்டி நடந்து வருகிற சொந்தங்களுக்கு ஊரும் தெரியாது, வீடும் தெரியாது. வலத்தோளைப் பார்த்துத்தான் எந்த வீட்டில் உட்கார வேண்டும், எந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழ வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். சும்மா விளையாட்டுக்குக்கூட யாரும் அப்படிக் கட்டிப் பார்த்ததில்லை. வேல்விழி அன்றைக்கு அதைக் கட்டிக்காட்டினாள். ஜோயலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எப்போது கட்டுவது என்று கேட்டான். "கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டாள். வேஷத்துக்கெல்லாம் யாரும் சாகப்போவதில்லை என்று மனதுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சித்திரையில் செம்பவளத்தின் கல்யாணம் ஒருவாரம் ஒளிபரப்பானது. வைகாசி முடிவதற்குள் பள்ளத்தாக்கு முழுக்க வலத்தோள். தேனியில் பெரிய ஜவுளிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளுக்குக்கூட அப்படியே கட்டினார்கள். வேல்விழி போட்ட செய்முறை வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். எட்டூர்ப் பெண்களில் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேராவது இருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. டி.வி.யில் தங்கள் கட்டு வருகிறதே என்ற பூரிப்பு அவர்கள் வாயை அடைத்திருந்தது. வேல்விழிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மண்டபத்தில் யாராவது இது யார் கட்டு என்று கேட்டால், எங்கள் ஆட்கள் கட்டு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் வாய்த்தது.

மூக்கம்மாள் வீட்டுக்குப் பிறகு செத்தவர்கள் வாரத்துக்கு மூன்று, நான்கு வீடு என்று போகத் தொடங்கினார்கள். வேறு ஆட்கள் வீடு என்றும் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். யாரையும் தொடவில்லை, மிரட்டவில்லை. ஏழரை மணிக்கு ஜன்னல் வழியாகத் தொடர் பார்த்தார்கள். சேலையை எரித்தாலும் மாராப்பை இடது தோளுக்கு மாற்றினாலும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. புகாரின்பேரில் வந்த போலீஸ்காரர் பிச்சைமணியிடம் ஆதார் எண் கேட்டார். மனப்பாடமாகச் சொன்னார், சரியாகவே இருந்தது. இளவட்டங்கள் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். படத்தில் துண்டு மட்டும் விழுந்தது.

வேல்விழி கடைப் பலகையில் இருந்த செம்பவளம் படத்தைக் கிழித்தாள், வீடியோவை அழித்தாள். அதற்குள் அதை நூறு பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஜெயமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போய், வேப்பமரத்தடியில் கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள். "இது கேதம் இல்ல சின்னய்யா. வேசம். நாந்தேன் பொய் சொல்லிட்டேன். எந்திரிச்சுப் போங்க" என்றாள். பிச்சைமணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உசுரோட இருக்குறவுக எல்லாரும் மொதல்ல இப்படித்தேன் தாயி சொல்லுவாக. தூங்குறாகம்பாக, எந்திரிச்சிருவாகம்பாக. எங்க ஆளு ஒருத்தர் வந்து சொன்னாக்க நம்பலாம்" என்று சொல்லிவிட்டுக் காப்பித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

வேல்விழியின் மகள் அபிதா கல்லூரியில் இரண்டாம் வருஷம். அந்தக் கட்டு வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருந்தாளே தவிர, ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் தான் சொன்ன பொய்யை எப்படிச் சொல்வது. மூக்கம்மாள் வீட்டுக்குச் செத்தவர்கள் வந்த பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, கல்லூரியில் பாரம்பரிய உடை நாள். அவரவர் ஆட்களின் உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். நம் கட்டை ஊரே கட்டுகிறது, நான் மட்டும் கட்டக் கூடாதா என்று அபிதாவுக்குத் தோன்றியதில் தப்பில்லை. சிநேகிதி வீட்டில் வைத்து, அம்மாவின் வீடியோவையே பார்த்துக் கட்டிக்கொண்டு போய், முதல் பரிசுக் கோப்பையோடு மதியம் வீடு திரும்பினாள். அவளுக்குப் பின்னாலேயே கேட்டைத் திறந்துகொண்டு அருண்பாண்டி வந்தான்.

அருண்பாண்டி வேல்விழியின் தம்பி. ஏழு வருஷத்துக்கு முன்னால் முல்லைப் பெரியாற்றில் குளிக்கப் போய்த் திரும்பாதவன். தலை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "போனது யாருக்கா?" என்று கேட்டான். தம்பியைப் பார்த்த சந்தோஷம் வேல்விழிக்கு ஒரு கணம் வந்தது. அடுத்த கணம் அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஜவுளிக்கடைப் பையில், மடிப்புக் கலையாத ஒரு கோடிச்சேலை. பிணத்தின்மேல் போடுகிற புதுச்சேலை. செத்துப்போன பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கோடி கொண்டுவருவான். தாய்மாமனும் கொண்டுவருவான். அவன் அவளுக்குக் கூடப்பிறந்தவன், அபிதாவுக்குத் தாய்மாமன். பையைப் பார்த்து யாருக்கு என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஐந்து நாள் கழித்து, புதன்கிழமை, ஜெயமங்கலத்தில் மூக்கம்மாளின் புருஷன் விஜயபாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லோடு ஆட்டோவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பது வயது, ஒரு தலைவலி காய்ச்சல் என்று படுத்ததில்லை. செத்தவர்கள் வந்து உட்கார்ந்து அன்றைக்குப் பதினாறாம் நாள். பாடை தெருமுனை தாண்டியதும் வேப்பமரத்தடியில் இருந்த நான்கு பேரும் எழுந்து, வாசல் குழாயில் கால் கழுவி, கேதவீட்டு முறைப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பண்ணைப்புரத்தில் அதேபோல இன்னொரு வீடு, அங்கேயும் பதினாறு. பிறகு எல்லா வீட்டிலும் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். செல்பி எடுத்த பையன்கள் அந்தத் தெருக்களை விட்டுச் சுற்றிப் போனார்கள்.

வேல்விழிக்கு அப்போது மிச்சம் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அவள் சோறு தின்றதாக யாரும் சொல்லவில்லை. அபிதாவைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை, அடுப்படிக்குள் விடவில்லை. குளிக்கும்போது கதவைத் தாழ் போட விடவில்லை. மகள் மதியம் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள், பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதைக் கேட்டதும்தான் அவளுக்குப் பயம் அதிகமானது, விஜயபாண்டிக்கும் ஒரு குறையும் இருந்ததில்லையே. புருஷன் கர்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டு, அழுதுவிட்டு வைத்தாள். தொட்டியடியில் தம்பியின் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை பாசி பிடித்துவிட்டது. "யாருக்குடா கொண்டாந்த?" என்று அவனிடம் தினமும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். "தெரியலக்கா. கொண்டு போன்னு குடுத்துவிட்டாக. வாங்குறவுகளுக்குத்தேன்."

பதினாறாம் நாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே அபிதாவுக்கு உள்ளங்கை சில்லிட்டிருந்தது. மதியம் ஒரு மணிக்கு வேல்விழி காப்பி கலந்துகொண்டு வாசலுக்கு வந்தபோது, மகள் தொட்டியடியில் மாமனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் பழக்கத்தில் பயம் தெளிந்திருந்தது. "உள்ளுக்குள்ள என்ன கலர் மாமா? காட்டுங்க" என்று பையை நோக்கிக் கையை நீட்டினாள். அருண்பாண்டியும் கொடுக்கத்தான் தூக்கினான். வேல்விழி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு எட்டில் குறுக்கே புகுந்து, பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"குடுடா. எனக்கு எடுத்ததுதேன் இது" என்றாள்.

அருண்பாண்டி அப்போதுதான் அழ ஆரம்பித்தான். பதினாறு நாளாக யாருக்காக அழுவதென்று தெரியாமல் அடக்கி வைத்திருந்த அழுகை. வேல்விழி பையைப் பிரித்துப் பார்த்தாள். அரக்கு, பச்சைக் கரை, தனக்குப் பிடித்த நிறம்தான். மகளின் கையைத் தொட்டாள், சூடு வந்திருந்தது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு. தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. ஒன்று பத்துக்கு மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். திருப்பூரிலிருந்து கர்ணன் வந்து சேர்ந்தான், பொழுது சாய்வதற்குள் எடுத்தார்கள். அருண்பாண்டி கால் கழுவிவிட்டுச் சொல்லாமல் போனான்.

மூன்றாம் நாள் மதியம் பிச்சைமணி முதலானவர்களோடு வேல்விழி தன் வீட்டுக்கே கேதம் கேட்க வந்தாள். மற்றவர்கள் வாசலில் உட்கார, அவள் நேரே உள்ளே போனாள். அபிதா அறைக்குள் கேதக் கட்டுக் கட்டத் தெரியாமல், சேலையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். வீடியோவைப் பார்த்துக் கட்ட மனசு வரவில்லை போல. வேல்விழி அதை அவிழ்த்து, உதறி, முதலிலிருந்து கட்டிவிட்டாள். மாராப்பை வலது தோளில் போட்டு, முந்தியை இடப்பக்கம் முடிந்தாள். மகள் பழக்கத்தில் தோளில் குத்தப் பின்னை எடுத்தாள். "பின்னு குத்தாத ஆத்தா. இதுக்குப் பின்னு கெடையாது" என்று அம்மா வாங்கி வைத்தாள். அபிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா செத்ததற்காக வாய்விட்டு அழுதாள். வேல்விழியும் அழுதாள்.

அதன்பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். "இது கேதம் இல்ல, வேசம்" என்று முன்பு சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். தங்கள் ஆள் வந்து சொன்னதால் செத்தவர்கள் நம்பினார்கள், எழுந்து போனார்கள். ஒரு வாரத்துக்குள் ஒன்பது வீடுகள் காலியாயின, ஒருவரும் சாகவில்லை. ஜவுளிக்கடைப் பொம்மைகளின் முன்னால் மட்டும் இன்றைக்கும் வாரம் இரண்டு பேராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போய் அழைத்துக்கொண்டு வருகிறாள். மற்ற நாளில் கடை திறந்திருக்கிறது. கர்ணன் மாதம் ஒருமுறை திருப்பூரிலிருந்து வந்து, அவள் பரிமாறச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். செத்தவள் மடிப்பு எடுத்தால் சேலை சாயங்காலம்வரை கலைவதில்லை என்று கல்யாண வீட்டார் பேசிக்கொள்கிறார்கள்.

தாயின் பதினாறாம் நாள், காரியத்துக்குச் சாமான் வாங்க அபிதா அம்மாவோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளை மேலும் கீழும் பார்த்து, செம்பவளம் கட்டு அச்சு அசலாக இருக்கிறது, யார் கட்டிவிட்டது என்று கேட்டாள். "எங்கம்மா" என்றாள் அபிதா. என்ன விசேஷம் என்றாள் அந்தப் பெண். "எங்கம்மா எறந்து போச்சு." அந்தப் பெண் வேல்விழியைப் பார்த்தாள், வேல்விழியின் காலடியில் நிழல் இல்லாததையும் பார்த்தாள். பிறகு, ஆவணி இருபத்தேழாம் தேதி தங்கைக்குக் கல்யாணம், அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் வேல்விழி. இடத்தோள் கட்டு மட்டும்தான் கட்டிவிடுவேன் என்று சொல்லி, போன் நம்பரைக் கொடுத்தாள்.