தீட்டுக் காத்த தீப்பல்லி

1912ஆம் ஆண்டு கோத்தகிரிக்குக் கீழே வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் தேயிலை காயவைக்க விறகு எரிக்கவில்லை. ஃபேக்டரி அடுப்புக்குள் ஒரு பல்லி படுத்திருந்தது. அதன் சூடே போதுமானதாக இருந்தது. துரைசானி அதைச் சீமையிலிருந்து பாசி நிரப்பிய தகரப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். கருப்பு உடம்பு, மஞ்சள் திட்டுகள், ஒரு சாண் நீளம். அவள் அதைச் சாலமாண்டர் என்றாள். கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் தீப்பல்லி என்றார்கள். பகலெல்லாம் அடுப்பில் கனன்றுவிட்டு, சாயங்காலம் பங்களாவில் அவள் மடியில் ஈரத்துணி மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். விறகு வெட்டிய குடும்பங்களைத் துரை மலையிறக்கிவிட்டார். அடுப்புக்காரன் சுடலையை மட்டும் நிறுத்திக்கொண்டார். வயிறு நிறைந்தால்தான் பல்லிக்குச் சூடு வரும். மண்புழு பிடித்துப் போட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆடி மழையில் பல்லிக்குச் சீக்கு வந்தது. தோல் வெளுத்து, கண் மூடிக்கொண்டது. அதே வாரம் சுடலையின் மனைவி மூக்கம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. தோட்டத்துக்கு இருந்தது ஒரே கம்பவுண்டர், சுவிசேஷமுத்து. பல்லியின் பக்கத்தைவிட்டு அவர் நகரக்கூடாது என்பது துரையின் உத்தரவு. சுடலை பங்களா கேட்டுக்குப் போனான். "உள்ள வைத்தியம் நடக்குது, இங்கயே நில்லு" என்றான் பட்லர் அயூப். நின்றான். மூக்கம்மா மத்தியானம் செத்தாள். பல்லி சாயங்காலம் கண் திறந்தது. துரைசானி கம்பவுண்டருக்கு ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்தாள்.

பிழைத்த பல்லி தின்ன மறுத்தது. அடுப்பு ஆறியது, பறித்த இலை அழுகத் தொடங்கியது. சுடலை கருமாதிக்கு லீவு கேட்டான். பல்லி தின்னட்டும், பிறகு பார்க்கலாம் என்ற துரை, அவன் எந்நேரமும் அதைக் கவனிக்க வேண்டுமென்று பெட்டியை அவனுடைய லைன் வீட்டிலேயே வைக்கச் சொன்னார். செத்தவள் வீடு அது என்பது துரைக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

சுடலை பாசியை மாற்றினான், ஊற்றுத் தண்ணீர் தெளித்தான். அசையாத எதையும் அது தொடாது என்பதால், புழுவை மூங்கில் ஈர்க்கில் குத்தி மூக்கு முன்னால் ஆட்டினான். பல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஒரு மனுசி உசுரயே முழுங்கிட்டுப் படுத்திருக்கற. இப்பப் புழு கசக்குதா?" என்று கத்தினான்.

பக்கத்து வீட்டு மருதாம்பாள் அவனுக்குச் சோறு கொண்டுவந்தாள். கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கம்தான் சோறு போடும். பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுவும் அடுப்புத்தானுங்களே. சாவு ஊட்டுல எப்படிங்க பத்தும்?"

"தீட்டுக் காக்க இது யாரு அவளுக்கு?"

"அதையே கேட்டுக்கங்க. துரைக்கு இல்லாத ரோசம் இதுக்காவது இருக்குதே."

சுடலைக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. தனக்குக் கிடைக்காத துக்கத்தை இது வசதியாகப் படுத்துக்கொண்டு அனுபவிக்கிறது. பல்லி தீட்டுக் காக்கிறது என்று போய்த் துரையிடம் சொன்னான். துரை சிரித்தார், பெட்டியைப் பங்களாவுக்கு எடுத்துக்கொண்டார். அன்றே பங்களாவின் சமையலடுப்பு அணைந்தது. குளிர் காயும் கணப்பு அணைந்தது. அயூப் கிழித்த தீக்குச்சிகள் நனைந்ததுபோல் உதிர்ந்தன, துரையின் சுருட்டும் பற்றவில்லை. டின்னில் அடைத்த இறைச்சியை அவர் குளிரக் குளிரத் தின்றார். அழுகிய இலையின் வாடை கோத்தகிரி கடைவீதிவரை போனது. கடைசியில் லீவு என்று மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினார்.

சுடலை லீவை வாங்கவில்லை. "காலைப் பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கறப்ப, என்ன நடந்துச்சுன்னு துரை அவர் வாயால சொல்லணும்" என்றான்.

மேஸ்திரி பயந்துகொண்டுதான் போய்ச் சொன்னார். மறுநாள் துரை மழையில் வந்து நின்றார். "மூக்கம்மா செத்துப் போச்சு. கம்பவுண்டரை நான் விடலை" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா" என்றான் சுடலை.

துரை சத்தமாகச் சொன்னார்.

அன்று ஓடைக்கரையில் கருமாதி நடந்தது. சுடலை வீடு திரும்பி அடுப்பில் குச்சியை வைத்தான், பற்றிக்கொண்டது. பங்களாவிலிருந்து கொண்டுவந்த பல்லி அவன் கையிலிருந்த புழுவைப் பிடுங்கித் தின்றது. அவனுக்குத் தன் கையை அறுத்து எறியலாம் போலிருந்தது.

அதன்பின் லைன்களில் சாவு விழுந்தால் பல்லி பட்டினி கிடக்கும், கருமாதிவரை ஃபேக்டரி நிற்கும். துரைசானி சீமைக்குத் திரும்பியபோது பெட்டியைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தாள், அது அடுப்பைவிட்டு வரவில்லை. சுடலை அதற்குத் தவறாமல் தீனி போட்டான், மன்னிக்கவில்லை. புதிதாக வரும் துரைகளுக்கு, மழை எப்போது பிடிக்கும், அட்டை எங்கே ஏறும் என்பதோடு மேஸ்திரி இதையும் சொல்லிவிடுவார். ஒரு துரை மட்டும், யார் செத்தாலும் ஃபேக்டரி நிற்குமா என்று கேட்டார்.

புழுக்களைக் கழுவிக்கொண்டிருந்த சுடலை தலை நிமிரவில்லை. "நீங்க செத்தாலும் நிக்கும்ங்க" என்றான்.

துரை தொப்பியை மாட்டிக்கொண்டு இலை நிறுக்கும் இடத்துக்குப் போனார்.