வலது பக்கத்து இரண்டு சக்கரங்கள்

14.10.2004, வியாழன்

ஒரு சிறிய தவறு. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ரிமோட் காரின் வலது பக்கத்து டயர்கள் இரண்டையும் திருப்பி ஒட்டியிருக்கிறேன்.

‘சிறிய’ என்று எழுதியது சரிதானா என்று தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

மாலை நேர டிப்ளமா வகுப்பில் எனக்கும் ஸ்ரீவர்ஷினிக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். அவள் அண்ணன் ஹரிஷ்குமார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த காரில், தானாகவே திசை பிடித்து ஓடும் ஒரு சர்க்யூட்டைப் பொருத்தியிருக்கிறோம். கல்லூரிக்குப் பின்னால் உள்ள மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே இருபது மீட்டர் அது ஓட வேண்டும். சர்க்யூட் அவள் பொறுப்பு, சக்கரமும் உடம்பும் என் பொறுப்பு. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். அன்று ஓடாவிட்டால் அடுத்த ஏப்ரல்தான்.

எனக்கு ஏப்ரல் என்றாலும் பரவாயில்லை. சமயநல்லூரில் ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றும் வேலை எங்கும் போய்விடாது. வர்ஷினிக்கு அப்படியில்லை. அவள் பகலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிறாள். டிசம்பருக்குள் டிப்ளமா சான்றிதழைக் காட்டினால் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

திங்கட்கிழமையிலிருந்தே கார் கோட்டை விட்டு வலது பக்கம் இழுக்கிறது. சர்க்யூட்டில்தான் கோளாறு என்று வர்ஷினி அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிறாள். இன்று மழை பெய்து மைதானம் ஈரமாக இருந்தது. கார் ஓடிய பிறகு தடத்தைக் குனிந்து பார்த்தேன். இடது சக்கரத் தடத்தில் டயரின் மேல் வெட்டியுள்ள பூக்கள் அம்புமுனைபோல ஒரு பக்கம் பார்த்தன. வலது தடத்தில் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்தன. அப்போது மணி ஆறே கால்.

வகுப்பறைக்கு வந்து என் நோட்டைப் புரட்டினேன். படி 4: ‘சக்கரத்தின் வெளிமுகம் என்னைப் பார்க்க வேண்டும். டயரின் மேல்பக்கத்து அம்புக்குறி என் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும்.’ அதை நான்கு சக்கரத்துக்கும் ஒன்றுபோலச் செய்து, நான்கு முறை டிக் அடித்திருக்கிறேன். வலது பக்கத்தில் மாட்டும்போது அதே அம்பு பின்னோக்கித் திரும்பிவிடும். அந்தப் பக்கம் மண்ணில் பிடிப்பு குறைந்து கார் அங்கேயே இழுக்கும். நான்கு டிக் அடிக்கும்போதும் அது தோன்றவில்லை.

வர்ஷினி மேசையில் சால்டரிங் இரும்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“வர்ஷினி, டயரையும் ஒருக்கா பாப்பமா?” என்றேன்.

“டயர்ல என்னடி இருக்கு? நோட்டுல எழுதாம நீ தண்ணிகூடக் குடிக்க மாட்ட. கோளாறு எங்கிட்டதான் இருக்கு. போ, லைட்ட மறைக்காத.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வலது பக்கத்து இரண்டு சக்கரங்களையும் மண் துடைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லி, கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். நாளைக்குள் டயரைப் பிரித்துத் திருப்பி ஒட்டிவிட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அது நல்ல யோசனையாகவே இருந்தது.

15.10.2004, வெள்ளி

யூனிட்டில் வார்னிஷ் கழுவ வைத்திருக்கும் தின்னரில் கொஞ்சம் எடுத்து, பதினொரு மணி டீக்கு முன்னால் ஒரு சக்கரத்தை ஊறப்போட்டேன். பசை கரைந்துவிடும் என்று கணக்கு. ஒரு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது டயர் ஒரு பக்கம் விட்டிருந்தது. கூடவே பிளாஸ்டிக் சக்கரத்தின் விளிம்பும் வெளுத்து ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. விரல்நகம் நீளத்துக்கு விளிம்பே இல்லை.

பக்கத்தில் காயில் சுற்றும் சோலை அக்கா எட்டிப் பார்த்தது.

“என்ன செல்வி இது, மிட்டாயா?”

“சக்கரம்க்கா.”

“சக்கரமா இருந்துச்சுன்னு சொல்லு.”

புதிதாக எதையும் முதலில் உதவாத துண்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜூன் மாதத்தில் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது போல.

இன்னொன்றைத் தின்னரில் போடவில்லை. அரை நாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். வர்ஷினி இன்றைக்கும் நாளைக்கும் லீவு எடுத்து வீட்டிலேயே இருந்தாள். சர்க்யூட்டை நான்காவது முறையாகப் பாய்மேல் பிரித்துப் போட்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தின்னர் விஷயத்தையும் சொன்னேன்.

அவள் சக்கரத்தை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நேத்து.”

“நேத்து எத்தன மணிக்கு?”

“ஆறே கால்.”

“நான் எட்டு மணி வரைக்கும் சால்டர் வச்சேன்.”

இன்னொரு சக்கரத்தையும் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

“பக்கத்துலதான நின்ன. எனக்கு டீ வேற வாங்கிட்டு வந்து குடுத்த.”

“ஆமா.”

“நல்லா இருந்துச்சு அந்த டீ” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “கொதிக்கிற தண்ணில போட்டா பசை விட்டுரும்னு எங்கண்ணன் சொல்லித்தான் குடுத்தான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.”

சக்கரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் அம்மா ஹம்சவேணி ஆன்ட்டி புளி கரைத்துக்கொண்டிருந்தார். நாளை புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. வர்ஷினி தங்கள் வீட்டு மொழியில் ஏதோ கேட்டாள். எனக்கு ‘டயர்’ மட்டும் புரிந்தது. ஆன்ட்டி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“ஏம்மா செல்வி, நாளைக்குப் பெருமாளுக்குப் புளியோதரை. நீங்க ரெண்டு பேரும் டயர் ரசம் வைக்கப் போறீங்களா? இந்த அடுப்புலயா?”

“இல்ல ஆன்ட்டி, வேற எங்கயாவது...”

“கொல்லைல சாயம் காய்ச்சுன குண்டான் கெடக்கு. மண்ணெண்ணெ ஸ்டவ்வும் இருக்கு. அந்த நாத்தம் மட்டும் உள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

கொல்லையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குண்டானில் தண்ணீர் வைத்தோம். கொதித்ததும் கெட்டுப்போகாத சக்கரத்தை முதலில் போட்டேன். அது மிதந்தது. மேலே ஒரு செங்கல் துண்டை வைத்து அமுக்கினேன். சக்கரத்தில் உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், டயருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு நனைந்து கனத்தது. கால் மணி நேரம். வர்ஷினி கடிகாரத்தைப் பார்த்தபடி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

இடுக்கியால் எடுத்துத் துணியில் பிடித்து, ஸ்பூன் காம்பை விளிம்புக்குள் நுழைத்து நெம்பினேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு அப்பளம் உடையும் சத்தத்தோடு பசை பெயர்ந்தது. ஓர் அங்குலம் விடும், ஆறிப்போகும், மறுபடி குண்டானில் போட வேண்டும். ஐந்து முறை போட்டோம். நான்காவது முறை என் கட்டைவிரல் வெந்தது.

“குடு இங்க” என்று வர்ஷினி வாங்கிக்கொண்டாள். மீதியை அவள்தான் பிரித்தாள். டயரும் சக்கரமும் கீறல் இல்லாமல் தனித்தனியாக வந்தன.

தின்னரில் போட்டது ஒரே கொதியில் வந்துவிட்டது. ஆனால் விளிம்பு போனது போனதுதான். பிசிறை அவள் நகம் ராவும் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினாள்.

“நிக்குமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. இருபது மீட்டர் நின்னாப் போதும்.”

அப்புறம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே தப்புத் தெரிஞ்சா நோட்டுகிட்ட அப்புறம் சொல்லு. மொதல்ல எங்கிட்டச் சொல்லு” என்றாள்.

“சரி.”

“சரின்னு சொல்றது ஈசி. உம்மேல எனக்கு இன்னும் கோவந்தான்டி.”

“தெரியும்.”

பழைய பசையைச் சுரண்டி எடுக்க ஆறு மணியாகிவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை. ஸ்பாஞ்சு வளையங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, “வடை காயுதா?” என்றார். இருவருமே சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. இதைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் எழுதுகிறேன். கட்டைவிரலில் துணி சுற்றியிருப்பதால் எழுத்து கோணல்.

நாளைக்கு: காலை ஏழு மணிக்கு வர்ஷினி வீடு. ஸ்பாஞ்சு காய்ந்துவிட்டதா என்று பிழிந்து பார்க்க வேண்டும். அம்புக்குறி எந்தப் பக்கம் என்று அவள் பார்த்துச் சொன்ன பிறகே நான் ஒட்ட வேண்டும். விளிம்பு போன சக்கரம் பின்னால், வலது பக்கம். பத்து மணிக்கு மைதானத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு மணிக்குத் தேர்வாளர்.