கடிக்கிற தண்ணீர்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே காளியண்ணன் தோட்டத்து ஆழ்துளைப் போரில் வந்த தண்ணீர் கடித்தது. முதலில் கடிபட்டவன் கோழிப்பண்ணை வேலைக்காரன் கந்தவேல். குழாயைத் திறந்து கை கழுவியவன் அலறிக்கொண்டு உதறினான். பெருவிரலுக்குக் கீழே ஊசி குத்தியதுபோல வரிசையாகப் பல் தடம், அதில் ரத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாய் என்று கேட்டார்கள். "மோட்டாருங்க" என்றான். நர்ஸம்மா நாய்க்கடி ஊசி போட்டுவிட்டு, பத்து நாளைக்கு அந்த மோட்டாரைக் கவனித்துவரச் சொல்லி அனுப்பினார்.

அது எந்த நாய் என்று சாரதாமணிக்குத் தெரியும். அவள் காளியண்ணனின் அண்ணன் மனைவி. புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவுக்குப் போய் அங்கேயே இறந்துபோனவர். காளியண்ணன் தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு ஏக்கரும் ஓட்டு வீடும் அவளுடையது. அடிபட்ட நாய், விட்டுவிட்டுப் போன நாய் எதைக் கண்டாலும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். நெடுஞ்சாலையில் லாரி ஏறி மூன்று காலோடு கிடந்ததற்கு டோல்கேட் என்று பெயர். பள்ளிபாளையத்தில் யாரோ கொதிக்கிற சாயத்தண்ணீரை ஊற்றியதில் பாதி முதுகு நீலமாகிப்போனதற்குச் சாயப்பட்டறை. கழுத்துச் சதைக்குள் கட்டுக்கம்பி புதைந்து கிடந்த வெள்ளைப் பெட்டைக்கு வெள்ளச்சி. வெள்ளச்சி ஒரே ஒரு குட்டி போட்டிருந்தது.

ஒரு சித்திரை மாதக் காலையில் காளியண்ணனின் பண்ணையில் கோழிகள் கழுத்தறுந்து கிடந்தன. அவன் இரும்பு பைப்போடும் நாலு ஆட்களோடும் வேலியைத் தாண்டி வந்தான். மூன்று காலில் ஓடமுடியாத டோல்கேட் முதலில் செத்தது. சாயப்பட்டறையின் மண்டை வாசற்படியில் உடைந்தது. குட்டியின் மேல் படுத்துக்கொண்ட வெள்ளச்சியை அது அசைவதை நிறுத்தும்வரை அடித்தார்கள். தடுக்கப் போன சாரதாமணியின் இடது மணிக்கட்டிலும் ஓர் அடி விழுந்து எலும்பு முறிந்தது. அடியிலிருந்து தப்பிய குட்டி காளியண்ணனின் கட்டைவிரலைக் கவ்வியது. அவன் அதைப் பிடுங்கியெடுத்து, வேலியோரம் போட்டுப் பொய்த்துப்போயிருந்த தொள்ளாயிரம் அடி போருக்குள் போட்டு, போர் வாயில் ஒரு கல்லையும் தூக்கி வைத்தான். கோழிகளைக் கடித்தது கீரி என்று அடுத்த வாரம் தெரிந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

ரிக் வைத்து ஓட்டியபோது வெறும் புகையைக் கக்கிய அந்தப் போரில் அந்த மாதமே தண்ணீர் பொங்கிக் கல்லைத் தள்ளியது. காளியண்ணன் தேங்காய் உடைத்து மோட்டார் இறக்கினான். அப்புறந்தான் கந்தவேல் கை கழுவியது.

முதல் வருடம் பால்பல் தடந்தான் விழுந்தது. இரண்டாம் வருடம் கோரைப்பல் முளைத்துவிட்டது. கோழிகள் கொண்டை கிழிந்து நின்றன, ஒரு கன்றுக்குட்டி மூக்கில்லாமல் திரும்பி வந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த மரவள்ளிக் கிழங்குகளைத் தோண்டினால் ஒவ்வொன்றிலும் பல் பதிந்திருந்ததால் ஜவ்வரிசி மில்காரர்கள் லோடைத் திருப்பி அனுப்பினார்கள். மற்ற போர்களெல்லாம் வற்றிவிட்டதால் இதையும் விட வழியில்லை. காளியண்ணன் தோல் கையுறை மாட்டிக்கொண்டு, தண்ணீரை அடிக்க ஆரம்பித்தான். தொட்டிக்குள் சங்கிலியை வீசி விளாசினான். மிளகாய்ப்பொடி கொட்டினான், ஆசிட் ஊற்றினான். அப்போதெல்லாம் தோட்டத்துக் குழாய்கள் மொத்தமும் ஊளையிட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டு சாரதாமணியால் சோறு தின்ன முடியவில்லை. ஒருநாள் வேலியோரம் போய் நின்றாள்.

"கொழுந்தனாரே, அதை எனக்குக் குடுத்துருங்க."

"எதையுங் நங்கையா?" என்று அவன் அண்ணியைத் திருப்பிக் கேட்டான்.

"அந்தத் தண்ணியத்தான். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வளத்துக்கறேன்."

"கொடத்துல மொண்டுட்டுப் போங்க, ஆரு வேண்டாங்கறது? கை திரும்பி வந்தாச் சரி" என்று அவன் சிரித்தான். ஆட்களும் சிரித்தார்கள்.

"மொண்டா வராதுங்க. அதுவா வரோணும்."

"வந்தா ஒரு சங்கிலியும் வாங்கித் தாரேன், போங்க."

மூன்றாம் வருடம், லீவுக்கு வந்திருந்த காளியண்ணனின் மகள் கிருத்திகா முகம் கழுவியபோது அவள் கன்னம் வாயோரம்வரை கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அவளை வீட்டில் விட்ட மறுநாள் காலை, காளியண்ணன் மோட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டு கான்கிரீட் கலக்கும் மெஷினைக் கொண்டுவந்தான். போரை அடியோடு அடைத்துவிடுவதென்று முடிவு. மெஷின் சுற்றும் சத்தம் கேட்ட சாரதாமணி, மகள் முகத்தைக் கிழித்ததை எந்தத் தகப்பனும் விடமாட்டான் என்று தெரிந்துகொண்டாள். இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வராவிட்டால் அது செத்தது. ஒரு சட்டி தயிர்ச்சோற்றோடு வேலியைத் தாண்டினாள்.

போர் வாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டியைப் பக்கத்தில் வைத்து, முறிந்து கூடிய இடது கையைப் பின்பக்கமாகக் குழாய்க்குள் விட்டாள். தண்ணீர் கிடுகிடுவென்று மேலேறி வந்து முழங்கையைக் கவ்வியது. பல் எலும்பில் உரசுவது மெஷின் பக்கம் நின்றவர்களுக்கே கேட்டது. அவள் கையை இழுக்கவில்லை. "கடி சாமி, கடி. கடிச்சு முடிச்சிட்டுச் சாப்புடு" என்றாள். சேலை மடி ரத்தத்தில் நனைந்து கனத்தது. வெகுநேரம் கழித்துப் பிடி தளர்ந்தது. தண்ணீர் தானாக வெளியே வழிந்து, சட்டியைச் சுற்றி வந்து, சோற்றை நக்கியது.

அப்போதுதான் காளியண்ணன் இரும்பு பைப்பை ஓங்கினான். முதல் அடி சாரதாமணியின் தோளில் விழுந்தது. இரண்டாம் அடியில் தண்ணீர் இரண்டாகப் பிளந்து, கூடி, எழுந்து அவன் கெண்டைக்காலைப் பிடித்தது. ஆட்கள் மெஷின் மேல் ஏறிக்கொண்டார்கள். அது அவனை மண்ணில் தேய்த்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஆறரை அங்குலத் துளைக்குள் காலைத் திணித்தது. தொடைவரை உள்ளே போயிற்று. எலும்பு நொறுங்கியது. இன்னும் இழுத்தது.

"நங்கையா! சொல்லுங் நங்கையா! நீங்க சொன்னாக் கேக்குமுங்க!"

சாரதாமணி உடனே சொல்லவில்லை. அந்த அலறலை அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், அவளும் மறுப்பதில்லை. ஆளைக் கொன்ற நாயை ஊர் விட்டுவைக்காது என்பதும், தான் வந்தது பழி தீர்க்க இல்லை என்பதும் பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"உடு சாமி, உடு" என்றாள். "அந்தக் கறி நமக்கு ஆவாது. வா, ஊட்டுக்குப் போலாம்."

விட்டது. அவள் முன்னால் நடக்க, தண்ணீர் வேலிக்கடியில் நுழைந்து, மேட்டு நிலத்தில் ஏறி, அவள் பின்னாலேயே போனது. சட்டியில் மீதியிருந்த சோற்றைக் காக்கைகள் தின்றன.

காளியண்ணனுக்கு வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். பண்ணையை விற்றுவிட்டு மகளோடு சேலம் அம்மாபேட்டைக்குக் குடிபோய்விட்டான். தண்ணீர் சாரதாமணி வீட்டு வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் கைநீட்டினால் உறுமும். கோடையில் மெலியும், சோறு வைத்தால் தேறிக்கொள்ளும். ஐப்பசி மழையில் மட்டும் தொட்டியில் நிற்காது. துள்ளி வெளியே ஓடித் தெருவில் போகும் வெள்ளத்தோடு கலந்துவிடும். இருட்டுவதற்குள் அவள் வாசலில் நின்று குரல் கொடுப்பாள். தெருத் தண்ணீரிலிருந்து அதன் பங்கு மட்டும் பிரிந்து, சேற்றை உதறி, படியேறி வந்து தொட்டியில் படுத்துக்கொள்ளும். எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதற்கு வழிவிட்டு நிற்கிறார்கள்.