மாமாவின் இருமல்

அந்தத் தெருவில் யார் தடுப்பூசி போட்டுக்கொண்டாலும் வலி தையற்காரியின் இடது தோளில்தான் இறங்கியது. போட்டுக்கொண்டவருக்கு எறும்பு கடித்த உணர்வுகூட இருக்காது. அன்று வரவேண்டிய காய்ச்சல், மறுநாள் வரவேண்டிய உடம்புவலி, கையைத் தூக்கவிடாத கனம் எல்லாம் விலாசம் விசாரித்து வந்ததுபோல அவள் கடைக்கே வந்து சேர்ந்தன. முதலில் போட்டுக்கொண்டவன் லாரி ஓட்டுகிற அவள் கணவன். அவன் விசிலடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி போட்ட நர்ஸம்மா மேலிடத்தில் கேட்டபோது, போட்டுக்கொண்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்ல விஷயம்தானே என்று பதில் வந்தது.

அதற்கு முன்பு அந்தத் தெருவில் பெரியவர்கள் ஒருவரும் ஊசிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தார்கள். தையற்காரிக்குப் பெண்குழந்தை பிறந்த சமயம் கக்குவான் இருமல் பக்கத்துப் பேட்டை வரை வந்துவிட்டது. குழந்தைக்கோ ஊசி போடும் வயது வரவில்லை. பெரியவர்களுக்கு வெறும் இருமலாக வந்து போவது பிஞ்சுகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் குழந்தைக்குக் காவல் என்று நர்ஸம்மா வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றச் சொன்னாள். ஒரு நாள் வேலை கெட்டுப்போகும் என்றார்கள். வாரம் முழுக்கத் தெருமுனையில் வெட்டி அரட்டை அடிக்கிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். வலி தையற்காரிக்குப் போகிறது என்று தெரிந்த அன்று வரிசை தெருவைத் தாண்டி நின்றது. கக்குவானுக்கு மட்டும் போதாது, சளிக்காய்ச்சலுக்கும் அக்கிக்கும் இருந்தால் அதையும் போடுங்கள் என்று சட்டைக்கையைச் சுருட்டினார்கள். அடுத்தவர் உடம்பு என்றால் அந்த ஜனங்களுக்கு அப்படியொரு தைரியம் வரும்.

துணியை இடது கையால் நகர்த்தித் தைப்பவள் அவள். அந்தக் காலத்தில் அவள் தைத்த சட்டைகள் எல்லாவற்றிலும் இடது கை கோணிக்கொண்டது. அதற்கும் சண்டைக்கு வந்தார்கள். “என்னம்மா இது, ஒரு கை ஏறியிருக்கு, ஒரு கை தொங்குது? காசு வாங்கல நீ?” என்று கத்தின பேக்கரிக்காரர் முந்தின நாள்தான் ஊசி போட்டுக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போயிருந்தார். காய்ச்சலோடு அவள் அதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். தையற்காரிக்கு ஊசி பழக்கம்தானே என்று ஒருவன் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். வெட்கம் என்பது அந்தத் தெருவுக்கு வழி தவறிக்கூட வந்ததில்லை. அவளோ தோளில் சுருக்கென்று இறங்கும்போதெல்லாம் தொட்டிலைப் பார்த்தாள். இன்னொருவர் போட்டாயிற்று, பாப்பாவுக்கு இன்னொரு பக்கம் கதவு சாத்தியாயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

போட்டுக்கொள்ள மாட்டேன் என்றவன் ஒரே ஒருவன், அவளுடைய சொந்த அண்ணன். மாடியில் மின்விசிறியும் டிவியும் பழுது பார்ப்பவன், எதற்கெடுத்தாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பதால் ஆதாரம் என்றே பெயராகிவிட்டவன். குழந்தையை அதிகம் தூக்கிக்கொண்டு திரிந்தவனும் அவன்தான்.

“ஏற்கனவே நொந்து போயிருக்க. உன் கையில இன்னொரு வலிய ஏத்த எனக்கு மனசு வரலம்மா” என்றான்.

“என் கைய நான் பாத்துக்கறேன். பாப்பாவுக்காகப் போட்டுக்கோண்ணா.”

“ஊரே போட்டாச்சு. நான் ஒருத்தன் போடாட்டி என்ன குடியா முழுகிடப் போகுது?”

“அப்ப அவளத் தூக்காத.”

அவன் முகம் சுருங்கிப்போனது. இந்தப் பேச்சு வெளியே தெரிந்ததும் தெரு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தங்கச்சி மேல் என்ன பாசம் பாருங்கள், இரக்கம் உள்ள மனுஷன் இவன் ஒருத்தன்தான் என்றார்கள். வலியை அவள் தலையில் கட்டியவர்களே அப்படிப் புகழ்ந்தார்கள். ஊசிக்குப் பயந்தவனுக்கு அந்தப் புகழ் ரொம்ப வசதியாக இருந்தது. தூசியில் வேலை பார்ப்பதால் என்று சொல்லிக்கொண்டு அவன் இருமத் தொடங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெருக்கோடி பஸ் பணிமனைக்காரர்கள் மொத்தமாகப் போட்டுக்கொண்ட அன்று தையற்காரியால் கையை அசைக்கவே முடியவில்லை. தொட்டிலில் குழந்தை வீறிட்டது. எழுந்தாள், தலை சுற்றி விழுந்தாள். மேலேயிருந்து அண்ணன் ஓடிவந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான், இருமினான், தட்டிக்கொடுத்தான், மறுபடி இருமினான். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் குழந்தை இருமியது, அவன் குரலில். மடியில் கிடக்கும் பச்சைக்குழந்தையின் வாயிலிருந்து கட்டைக்குரலில் ஒரு ஆண்பிள்ளை இருமினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பி, “யாருப்பா அது, இருமறவங்க வெளிய போங்க” என்றார். அறையில் வேறு ஆண்கள் யாரும் இல்லை. அதே நேரம் வீட்டில் ஆதாரம் இருமுவதற்கு வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. இருமல் போன இடம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் ஆதாரம் கேட்காமல் நம்பிய முதல் விஷயம் அதுதான்.

பிராணவாயுக் குழாயோடு குழந்தை நீலம் பாரித்துக் கிடந்த நாட்களில், ஒரு காலை தையற்காரியின் தோளில் சுருக்கென்றது. தெருவில் மிச்சமிருந்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும். “இப்பப் போடறியா, பாவி” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். மற்ற வலிகள் எல்லாம் இரண்டு நாளில் போயின. அந்த ஒன்று மட்டும் போகவில்லை.

குழந்தை பிழைத்தது. நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் போனது. பாப்பா இருமும்போது டீச்சர் வாசலில் எந்த ஆள் நிற்கிறான் என்று முதல் வருஷம் எட்டிப் பார்த்தாள், பிறகு பார்ப்பதில்லை. தெருவும் பழகிக்கொண்டது, எதற்குத்தான் அது பழகாது. வருஷாவருஷம் ஊசிக்கு வரிசை நிற்கிறது, சட்டைகளின் இடது கை கோணுகிறது. மாடியில் மாமா தூசியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறார், கீழே அவள் இருமுகிறாள்.

“மாமாவுக்குத் தொண்டை சரியில்லம்மா” என்று சொல்லிவிட்டு, அவளே போய் வெந்நீர் வைத்துக் குடிக்கிறாள்.