காதுகுத்தில் அழாத பிள்ளை

என் அக்கா மகள் சத்யப்ரியா பேசிய முதல் சொல், போன் விளம்பரத்தில் வரும் ‘ஸ்கிப்’. மச்சான் உக்கிரபாண்டி அதை ஸ்டேட்டஸ் வைத்தார். அறுபது பேர் இதயம் போட்டார்கள்.

மூன்று வயது முடிந்தும் இரண்டாவது சொல் வரவில்லை. தல்லாகுளத்து டாக்டரம்மா பிள்ளையின் காதைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பிறகு மச்சான் கையிலிருந்த போனைப் பார்த்தார். “பிள்ளைக்குக் குறை ஒண்ணும் இல்ல. போனை நிறுத்துங்க. முகத்தப் பாத்துப் பேசுங்க,” என்றார். சீட்டில் மருந்து எதுவும் எழுதாததால் மச்சானுக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

அக்கா பாண்டிச்செல்விக்கு நம்பிக்கை போகவில்லை. விளாங்குடி வீட்டில் நாற்பது நாள் பிள்ளையின் கண்ணில் போனைக் காட்டவில்லை. கத்தரிக்காய் நறுக்கும்போது கத்தரிக்காயைப் பற்றிப் பேசினாள். துணி காயப்போடும்போது துணியைப் பற்றி. பிள்ளை முதல் வாரம் சுவரில் தலையை முட்டியது. அடுத்த வாரம் அக்காவின் முகத்தை விரலால் மேலே தள்ளிப் பார்த்தது, வேறு ஏதாவது வருமா என்று. பிறகு தள்ளாமலே பார்க்க ஆரம்பித்தது.

“ரெண்டு உதட்டையும் ஒட்டுறாடா. இன்னிக்கோ நாளைக்கோ அம்மான்னு சொல்லிருவா,” என்று தினமும் என்னிடம் சொன்னாள் அக்கா.

நாற்பத்தோராம் நாள் ஒத்தக்கடை மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் பிள்ளை என் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை உடம்பை முறுக்கியது. கண் அக்காவைத் தேடியது. அக்கா எதிரே மண்டியிட்டாள்.

“மாப்ள, ஒன் போனக் குடு,” என்றார் மச்சான். அவர் தன் போனில் காதுகுத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“வேணாங்க. அழட்டும். நான் இங்கதான இருக்கேன்,” என்றாள் அக்கா.

“ஊரையே கூட்டி வச்சுக்கிட்டு அழுமூஞ்சியவா ஆல்பத்துல போடுறது?” என்றாள் மச்சானின் அக்கா சோலையம்மாள். “ரெண்டு நிமிசத்துல பிள்ள கெட்டா போயிரும்? டாக்டருக்குப் படிச்ச நெனப்பு ஒனக்கு.”

“தலைய ஆட்டுச்சுன்னா ஓட்டை கோணிப்போகும் தாயி,” என்று ஆசாரியும் சேர்ந்துகொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். நான் போனைத் திறந்து பிள்ளைக்கு நேரே பிடித்தேன். அக்காவின் முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது.

பிள்ளையின் உடம்பு தளர்ந்தது. வலது காது. இடது காது. ஒரு சிணுங்கல் இல்லை. கூட்டம் கைதட்டியது. இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று சொல்லி ஆசாரி ஊசியைத் துடைத்தார். மச்சான் வீடியோவை நிறுத்தினார்.

“சத்யா,” என்றாள் அக்கா. “சத்யாக்குட்டி, அம்மாவப் பாரு.”

மூன்று தடவை கூப்பிட்டாள். குறுக்கே வந்தவளை விலக்கிக்கொண்டு பிள்ளை திரையை எட்டிப் பார்த்தது.

இடது காதில் ஒரு பொட்டு ரத்தம். அக்கா முந்தானையோடு குனிந்தாள். துடைக்கவில்லை. புதுத் தோட்டோடு சேர்த்து அந்தக் காதை இரண்டு விரலால் நசுக்கினாள். என் மடியில் நடந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது.

பிள்ளை வீரிட்டது. போன் கீழே விழுந்தது. பிள்ளை நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தது.

“அம்மா!”

“இங்கதான்டா இருக்கேன். அம்மா இங்கதான் இருக்கேன்,” என்று அள்ளிக்கொண்டாள் அக்கா. அவளும் அழுதாள்.

மச்சான் தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “பேசிருச்சா? ஐயோ, பதியலையே! செல்வி, இன்னொரு தடவ சொல்லச் சொல்லு.”

அக்காவின் கை இன்னும் பிள்ளையின் காதருகேதான் இருந்தது.