அடுப்புக்கு அந்தப் பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு வெளியிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். சேந்தமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் செல்போனில் ஏதோ ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மெல்ல மேலே ஏறியது. "அக்கா எந்திரிச்சிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என்ன கோடு, எந்த அக்கா, எதுவும் தெரியாது. பின்னாலேயே ஓடிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உண்மை கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அவருக்கு முரளி என்று பெயர் வைக்கிறேன். கதைக்குள் வந்தபிறகு 'அவர்' என்பது 'அவன்' ஆகிவிடும், பொறுத்துக்கொள்ளட்டும்.

2

முதல் தொடக்கம்: 'கொல்லிமலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு

வேண்டாம். மலை என்றதும் பனியை இறக்கிவிடுவது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

இரண்டாவது தொடக்கம்: 'முரளியின் சர்வர் கொதித்தது.' இது பரவாயில்லை.

முரளி சேந்தமங்கலத்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறவன். அவனிடம் ஒரு சர்வர் இருந்தது. ஒரே பெட்டிக்குள் ஐந்தாறு கணினிகளைக் குடிவைத்த மாதிரி ஏற்பாடு, கடைக்கு ஒன்று. பெட்டி முழுக்கத் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டிருக்கும்.*

சித்திரை வெயிலில் வாடகை வீட்டுக்குள் அதன் பிராசசர் சூடேறிச் சூடேறிப் பெட்டி தானாக அணைந்தது. கடைக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். முரளி பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லிமலைமேல் வாழவந்தி நாட்டில் அக்கா கண்ணாயி வீட்டில் வைத்தான். அங்கே ஏசி தேவையில்லை, கேபிள் இணையமும் வந்துவிட்டது. சமையலறைக்கு அடுத்த அறையில், சுவரை ஒட்டிய பலகையில் பெட்டி உட்கார்ந்தது. பிராசசர் சூட்டைக் கீழே இருந்தபடியே பார்க்க, செல்போனில் ஒரு கோடு ஓடும்படி செய்துகொண்டான். சூடு எண்பதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்.

(* 'கூட்டுக் குடும்பத்திலும் இப்படித்தான்' என்று எழுதி அடித்துவிட்டேன்.)

3

குளிர்ந்த இடத்துக்குப் போயும் தினமும் விடியற்காலையில் கோடு மேடுகட்டியது. முரளி பயந்துபோய் அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமிக்கு போன் போட்டான்.

"அது ஒண்ணுமில்லீங்க தம்பி. அக்கா வெறகடுப்பு பத்த வெச்சா அந்தச் செவுரு காயுமுங்க. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான உங்க பொட்டி இருக்குது?"

மர்மம் தீர்ந்தது. பிறகு சண்டை வந்தது. முரளியும் மனைவியும் வேலை வேலை என்று ஓடியதால் மகள் சுஜிதாவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் கண்ணாயி. அவளுக்குப் பிள்ளை இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லி முரளி மகளைக் கீழே அழைத்துப்போக வந்தான்.

"கூட்டிட்டுப் போறயா, போ. இனி இந்த ஊட்டுப் பக்கம் வராத. போனும் பண்ணாத."

"நானா பண்ணப் போறேன்?" என்றான் முரளி.

இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆனால் அவள் பெட்டியைப் பிடுங்கவில்லை, அவன் கோட்டைப் பார்ப்பதை விடவில்லை. மேடு தாமதமாக வந்தால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. உயரமாக வந்தால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. சாயங்காலமும் ஒரு மேடு வந்தால் மரவள்ளிக்கிழங்கு வேகிறது. ரோஷக்காரர்களுக்கு இதைவிட வசதி ஏது, பேசாமலே நலம் விசாரிக்கலாம்.

4

[இந்த இடத்தில் கண்ணாயிமேல் எனக்கே சந்தேகம் வந்தது.]

இத்தனை கோபக்காரி அன்றைக்கே பெட்டியை வாசலில் வீசியிருக்க மாட்டாளா? மூன்று காரணங்கள் எழுதினேன், இரண்டை அடித்தேன். மிஞ்சியது இது. இடி இடித்த ஒருநாள், பெட்டியை அணைத்துவிடச் சொல்கிறார் சின்னுசாமி. அவள் சொல்கிறாள்:

"இருக்கட்டும் உடுங்க. அணைஞ்சா அவனுக்குப் பொழப்பு கெட்டுப்போகும்."

இதை எழுதியபிறகு கொஞ்சநாள் இந்தக் கதையைத் தொடவில்லை. அவளை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். அவளை எனக்குப் பிடித்துவேறு போயிற்று.

5

மழைக்காலத்தில் மலையில் இரவெல்லாம் மின்சாரம் போய்ப்போய் வந்தது. இரவில் எடுக்கும் பேக்கப் பாதியில் நின்றது. முரளி அதை விடியற்காலைக்கு மாற்றினான். எல்லாக் கடைகளின் கணக்கையும் சுருட்டி நகலெடுக்கிற வேலை, பிராசசருக்கு முதுகு முறியும். வேலை செய்தாலும் அது சூடாகும், பக்கத்துச் சுவரில் அடுப்பு எரிந்தாலும் சூடாகும். எதனால் சூடு என்று கோடு சொல்லாது.

(கம்ப்யூட்டர்காரனுக்கு இது தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் அந்தக் கோட்டை அவன் கம்ப்யூட்டர்காரனாகப் பார்ப்பதை விட்டு நாளாகியிருந்தது. தம்பியாகத்தான் பார்த்தான்.)

மேடு தினமும் வந்தது. அக்கா எந்திரிச்சிருச்சு என்று அவனும் தினமும் வேலைக்குப் போனான். அலாரம் அடிக்கவில்லை. சூடு கூடினால் அடிக்க வைக்கலாம், ஆள் எழாவிட்டால் அடிக்க வைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சுஜிதா அவன் தோள்வழியே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அத்தை இப்பெல்லாம் ஒரே மாதிரி எந்திரிக்கிறாங்க?"

முரளி பார்த்தான். பேக்கப்பை மாற்றிய புதிதில் இரண்டு சூடும் சேர்ந்து மேடு கோணல்மாணலாக, பெரிதாக இருந்தது. கடைசி மூன்று நாள் மேடுகள் மட்டும் சின்னதாக, அச்சில் வார்த்தது போல இருந்தன. அந்த மூன்றும் பேக்கப் மட்டும்தான், அடுப்புச் சூடு அதில் இல்லை.

6

'முரளி உடனே சின்னுசாமிக்கு போன் போட்டா

போட்டான் என்று எழுதத்தான் ஆசை. பல தடவை எழுதிப் பார்த்தேன். அவன் போடமாட்டேன் என்கிறான். மலையில் மூன்று நாளாக விடாத மழை, விறகு நனைந்திருக்கும், அக்கா கேஸ் அடுப்பில் சமைத்திருப்பாள் என்கிறான். சின்னுசாமி போய்க் கதவைத் தட்டி, "தம்பி உங்களப் பாக்கச் சொன்னாருங்க" என்று சொல்ல, அவள் ஒரு குறையும் இல்லாமல் திண்ணக்கமாக வெளியே வந்து நின்றால் யாருக்குத் தோல்வி என்று என்னையே கேட்கிறான்.

அதே போனில் பேக்கப்பை மட்டும் நிறுத்தினான். நாளைக் காலை மேடு வந்தால் அது அக்காதான். ஒரே ஒரு ராத்திரிதானே.

விடிந்தது. கோடு படுத்தே கிடந்தது. அதற்குப் பிறகுதான் போன் போட்டான்.

சின்னுசாமி கதவை உடைத்துத்தான் உள்ளே போனார். கண்ணாயி சமையலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். இடுப்பு ஒடிந்திருந்தது. உயிர் இல்லை.

7

மலையேறி வந்த முரளி அழவில்லை. சின்னுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணா, நீங்க தொட்டுப் பாக்கறப்ப ஒடம்பு எப்படிங்க இருந்துச்சு?"

பதிலை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

அ) "சில்லுனு இருந்துச்சுங்க. போயி ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும்." அப்படியானால் நேற்று போன் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. முரளி அழுது, தேறி, பிழைத்துக்கொள்வான்.

ஆ) "இன்னும் சூடு இருந்துச்சுங்க தம்பி." அப்படியானால் அவள் இன்று காலைவரை உயிரோடு கிடந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் யாராவது கதவைத் தட்டியிருந்தால் முனகல் கேட்டிருக்கும்.

இ) சின்னுசாமி பார்த்தது இரண்டாவது, சொல்வது முதலாவது.

முரளிமேல் இரக்கப்பட்டு முதலாவதைப் போட்டேன். போட்டதும் உறைத்தது. அவனைக் காப்பாற்ற, நான் கண்ணாயியை மூன்று நாள் முன்பே கொல்லவேண்டும். இரண்டாவதைப் போட்டால் அவளுக்கு மூன்று நாள் ஆயுள் கூடும். அந்த மூன்று நாளும் அவள் ஈரத் தரையில் கிடப்பாள். மூன்றாவதைப் போட்டால் இதையெல்லாம் சின்னுசாமி ஒருவரே சாகும்வரை சுமப்பார். என்னால் முடியவில்லை.

முரளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். சின்னுசாமி வாயைத் திறந்துவிட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

"தம்பி, நான் தொட்டப்ப அக்கா கை