சிவப்பு மூஞ்சி

எங்கள் மருத்துவமனையில் அந்த மாதத்துக்குப் பெயர் 'புன்னகை மாதம்'. பெயர் வைத்தவர் நிர்வாகி. அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே அவருக்கு 'சிரிப்பு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம்.

புன்னகை மாதத்துக்காக வார்டுக்கு ஒரு மெஷின் வந்தது. திரையைத் தொட்டால் அன்றைக்கு டூட்டியில் இருக்கும் நர்சுகளின் படங்கள் வரும். படத்தைத் தொட்டால் மூன்று மூஞ்சிகள் வரும். பச்சை மூஞ்சி சிரிக்கும், மஞ்சள் சும்மா இருக்கும், சிவப்பு உர்ரென்று முறைக்கும். நோயாளி தன் கட்டில் நம்பரைத் தட்டிவிட்டு எதைத் தொடுகிறாரோ அது நம்பரோடு நேராகச் சிரிப்பின் மேசைக்குப் போய்விடும். என் படம் வேலையில் சேர்ந்த அன்று எடுத்தது. அதைப் பார்த்தால் நல்ல மனிதர்களுக்கே சிவப்பைத் தொடத் தோன்றும்.

மெஷினைக் கட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். மாட்ட வந்தவன் சுற்றிப் பார்த்தான். கட்டில் பக்கத்து ப்ளக் பாயிண்ட் எல்லாம் செத்துக் கிடந்தன. உயிரோடு இருந்த ஒரே பாயிண்ட் வார்டு வாசலைத் தாண்டி, நடைக்கூடத்தில், லிஃப்ட் பக்கத்தில் இருந்தது. அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான். இந்தக் கதையில் உருப்படியான வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

எங்களுடையது எலும்பு வார்டு. இடுப்பு, தொடை, முட்டி என்று உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் இங்கேதான். டாக்டர் கம்பியும் தகடும் வைத்து முடுக்கிவிட்டு, "நாளையிலேர்ந்து நடக்க வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிசியோ காலையில் வந்து ஒருமுறை நிற்க வைத்துவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடுவான். மீதி நாள் முழுக்க என் தலையில். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகு புண்ணாகும். நன்றாக ஆபரேஷன் ஆனவர்கள் படுத்துக் கிடந்தே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு இரக்கம் கிடையாது. வலி மாத்திரை கொடுப்பேன், அது வேலை செய்ய நேரம் கொடுப்பேன், அப்புறம் போர்வையை உருவிவிடுவேன்.

யாருக்குத்தான் பிடிக்கும்? சிவப்பாகக் கொட்டியது. பக்கத்து வார்டில் ஒருத்தி "தூங்குங்க கண்ணு" என்று போர்வை இழுத்துவிட்டே பச்சைகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

சிவப்பில் ஒரு விஷயம் இருப்பதை எனக்குக் காட்டியவர் ஒரு மீசைக்காரர். தொடை எலும்பு முறிவு. புரண்டு படுக்கவே முடியாது என்று நாள் கணக்கில் அழிச்சாட்டியம் பண்ணியவர். ஒருநாள் பொறுமை போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவருக்கு மீசை துடித்தது.

"எங்க அந்த மெஷின்? உன்ன என்ன பண்றேன் பாரு!"

"வாசலுக்கு அந்தப் பக்கம், லிஃப்ட் பக்கத்துல. என்னால இங்க தூக்கிட்டு வர முடியாது."

மனிதர் எழுந்தார். வாக்கரைப் பிடித்தார். வார்டு முழுக்க நடந்து, வாசலைத் தாண்டி, என் மூஞ்சியைத் தேடிக் கண்டுபிடித்து, சிவப்பை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். நான் அவர் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனேன். அழுத்தி முடித்த பிறகுதான் திரும்பியும் நடக்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. கெஞ்சுவதை விட்டேன். கோபப்படுத்தினேன். கோபம் வந்தால் வலி கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறது. என் நோயாளிகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் கடைசியாக ஒரு சிவப்பையும் தட்டிவிட்டுப் போனார்கள்.

சிரிப்பு என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம மருத்துவமனையிலயே அதிக சிவப்பு உங்களுக்குத்தான். வெக்கமா இல்ல?"

"சார், அந்த சிவப்பு ஒவ்வொண்ணும் ஒரு ஆள் எழுந்து நடந்தது சார்."

"சிவப்பு சிவப்புதான். இனிமே ஒண்ணு விழுந்தாலும் உங்கள கீழ கிடங்குக்கு மாத்திடுவேன்."

கிடங்கு என்பது தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. பஞ்சுச் சுருளும் கையுறைப் பெட்டியும் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பஞ்சு திட்டாது, சிவப்புப் போடாது. எழுந்து நடக்கவும் செய்யாது. உடைந்து வந்த ஆள் முதல் அடி எடுத்து வைக்கும்போது அவர் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடையாது. அதைப் பிடுங்கினால் நான் செத்த பாயிண்ட்தான்.

சரி, இனி நல்ல பிள்ளையாக இருக்கலாம் என்று முடிவு பண்ணினேன். அந்த வாரம் பார்த்தா என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழ வேண்டும்?

இடுப்பு எலும்பு முறிவு. எங்கள் மருத்துவமனை, எங்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். ஸ்ட்ரெச்சரில் வரும்போதே என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார்.

"நான் உன் மாமியார்னு இங்க யாருக்கும் தெரியக் கூடாது."

"ஏன் அத்தை?"

"உன் மேல இருக்கற கடுப்ப எல்லாம் என் மேல காட்டுவாங்க."

அதனால் வார்டில் நான் அவரை மற்றவர்களைப் போல "அம்மா" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் என்னை "சிஸ்டர்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு நக்கல் வைக்க முடியுமோ அவ்வளவும் வைத்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் கூட்டாளி நர்ஸ், ரேடியோ. காதில் விழுந்ததை ஒலிபரப்பாமல் அவளால் இருக்க முடியாது. என் கையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் பிசியோ வந்தான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மறுநாளும் மூடிக்கொண்டார். கெஞ்சினேன். என் புருஷன் வந்து கெஞ்சிவிட்டு, சவாரிக்கு வண்டி எடுக்க நேரமாச்சு என்று நழுவினார்.

"அம்மா, கொஞ்சம் உக்காரவாவது செய்யுங்க."

"தலை சுத்துது சிஸ்டர்."

"படுத்தே இருந்தா சளி கட்டிக்கும்."

"கட்டினா கட்டட்டும் சிஸ்டர். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வீட்டில் இவர் இப்படி இல்லை. பால்காரனிலிருந்து மாடிவீட்டு ஆட்கள் வரை இவர் குரலுக்கு ஒதுங்கி நிற்பார்கள். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, பாத்திரத்தை உருட்டி, தெருவையே எழுப்புகிற ஆள். அந்த ஆள் இப்போது கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் போர்வையைத் தொட்டாலே விரல்கள் வெளுத்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிடிவாதம் இல்லை, பயம். விழுந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. ஈரத் தரையில் கிடந்து கத்தியிருக்கிறார், பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இவருக்குப் போய் பயம்! போர்வையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் இருமினார். நெஞ்சுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரிடம் சொன்னேன். மருந்து எழுதினார். "மருந்து இருக்கட்டும், முதல்ல எழுப்பி நடக்க விடுங்க" என்றார்.

கெஞ்சிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு வழிதான். அந்த வழியின் கோடியில் சிவப்பு மூஞ்சி இருந்தது, அதற்குக் கீழே கிடங்கு இருந்தது. கையில் இருந்த மருந்துத் தட்டை மேசையில் வைத்தேன். அப்புறம் வாக்கரை எடுத்துக்கொண்டு போனேன்.

வார்டுக்கே இருந்தது அந்த ஒரு வாக்கர். மெஷின் வாங்கப் பணம் இருந்த இடத்தில் வாக்கர் காலுக்கு ரப்பர் வாங்கப் பணம் இல்லை. ரப்பர் போன காலில் நான்தான் பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். அதைக் கட்டில் பக்கத்தில் டொக் என்று வைத்தேன்.

"நீங்க நடக்க வேணாம்மா. படுத்தே இருங்க. அதுவும் எனக்கு நல்லதுதான்."

ஒரு கண் திறந்தது.

"என்ன நல்லது?"

குனிந்து காதில் சொன்னேன். "சமையல்கட்டு இனிமே என்னோடது. அலமாரிய எல்லாம் மாத்தி அடுக்கப் போறேன். உங்க பெரிய பித்தளைப் பானை இருக்கே, இடத்த அடைச்சிட்டு? அத நாளைக்கே பழைய சாமான்காரனுக்குப் போட்டுடறேன்."

இரண்டு கண்ணும் திறந்தன. அந்தப் பானை அவர் தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. அதைக் கழுவக்கூட என்னை விடமாட்டார்.

"தொட்டுப் பாருடி!"

'சிஸ்டர்' பறந்துபோய்விட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"என் மேல புகார் பண்ணணும்னா மெஷின் வெளிய லிஃப்ட் பக்கத்துல இருக்கு," என்றேன்.

அவர் எழுந்த வேகத்தில் நான்தான் தடுமாறினேன். உட்கார வைத்து, மூச்சு வாங்க வைத்து, இடுப்பில் பட்டையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். நல்ல காலும் கெட்ட காலும் சேர்ந்து நடுங்கின. ஒரு அடி. திட்டு. இன்னொரு அடி. இன்னும் பெரிய திட்டு. எதிர்க் கட்டில் அம்மாள் உற்சாகமாகக் கத்தினார்.

"முறைச்சுட்டு இருக்கற போட்டோம்மா! தேடவே வேணாம்!"

டொக் டொக் என்று மெஷின் வரைக்கும் போனார். என் படத்தைத் தொட்டார். சிவப்பில் விரலை வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். மூச்சு இரைத்தது, நன்றாக இருமினார், நெஞ்சில் கட்டியிருந்தது கொஞ்சம் வெளியே வந்தது. டிஷ்யூவில் வாங்கிக்கொண்டேன். என் வேலைக்கு உலை வைத்தவர் துப்பிய சளியைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

போனது போனதுதான், இனி ஒன்று விழுந்தால் என்ன, கூடை கூடையாக விழுந்தால் என்ன? தினமும் காலையும் மாலையும் பானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வேன். தினமும் காலையும் மாலையும் அவர் போய்ச் சிவப்பைத் தட்டிவிட்டு வருவார். காய்ச்சல் வரவில்லை. நெஞ்சு தெளிந்தது.

வாரக் கடைசியில் சிரிப்பு கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறை அதே நடைக்கூடத்தின் கோடியில், மெஷினையும் தாண்டி. மேசை மேல் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது.

"ஒரே நோயாளி, திரும்பத் திரும்ப சிவப்பு. அந்த வயசான அம்மாவ நீங்க என்னதான் பண்றீங்க? நாளையிலேர்ந்து கிடங்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஒரு சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

கதவு திறந்தது. மாமியார். பின்னாலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரேடியோ. என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். கிடங்கு விஷயத்தை ஒலிபரப்பிவிட்டிருக்கிறாள்.

சிரிப்பு எழுந்தார். "உக்காருங்கம்மா."

"உக்கார வரல. உக்காந்தா நிமிந்து நிக்கச் சொல்லி இவ உயிர எடுப்பா. இவள மாத்துறீங்களாமே?"

"உங்க புகார் மேலதாம்மா நடவடிக்கை எடுக்கறோம். சிவப்பு போட்டது நீங்கதானே?"

"நான்தான் போட்டேன். திட்டணும்னு போட்டேன். மாத்தச் சொல்லியா போட்டேன்?" வாக்கரை மேசையில் இடித்து நிறுத்தினார். "என் மருமகள நான் திட்டுவேன். காலையில திட்டுவேன், சாயந்திரம் திட்டுவேன். நடுவுல நீங்க யாருய்யா?"

சிரிப்பு என் பக்கம் திரும்பினார். "மருமகளா?"

"பின்ன? காசுக்கு வேலை செய்யறவ எவளாவது இந்தப் பாடு படுத்துவாளா?"

அவர் மாமியாரின் இடுப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார், நடைக்கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"அங்கேர்ந்து இங்க வரைக்கும் நடந்தா வந்தீங்க?"

"தூக்கிட்டு வர இங்க யார் இருக்கா? நீங்க மாட்டி வெச்சிருக்கீங்களே மெஷின்னு ஒண்ணு, அதுக்கு நடந்து நடந்து பழகிடுச்சு." வாக்கரின் காலைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு ஒரு ரப்பர் வாங்க வக்கில்ல, மூஞ்சி பொம்மை வாங்கினீங்களாக்கும்."

சிரிப்பு உத்தரவைக் கிழிக்கவில்லை. நிர்வாகிகள் எதையும் கிழிப்பதில்லை. மடித்து இழுப்பறையில் போட்டார். "அடுத்த மாசம் பாக்கலாம்," என்றார். எலும்பு வார்டில் அடுத்த மாதம் என்பது நீண்ட காலம். அதற்குள் எத்தனையோ பேரை எழுப்பி நடத்திவிடலாம்.

வெளியே வந்ததும் மாமியாருக்குக் கால்கள் வெடவெடத்தன. ரேடியோ நாற்காலியைக் கிட்டே கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினார். ஒரு கையை வாக்கரில் இருந்து எடுத்து என் தோளில் வைத்தார். அந்தக் கை என் தோளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நல்ல கனம்.

"அன்னைக்குக் கீழ விழுந்தேனே," என்றார், என்னைப் பார்க்காமல். "கத்தினப்ப பெத்த பையன் ஞாபகம் வரல. உன்னத்தான் கூப்பிட்டேன். நீ இங்க டூட்டில இருந்த."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் அவர் இடுப்புப் பட்டையில் இருந்தன.

மெஷின் வந்ததும் நின்றார். திரையைத் தொட்டார். முறைத்துக்கொண்டிருந்த என் படத்தைத் தேடித் தொட்டார். பச்சைக்கு மேலே விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் நகர்ந்து சிவப்பை அழுத்தியது.

"அத்தை!" வார்டு வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். "இப்பவுமா?"

"பானைய பழைய சாமான்காரனுக்குப் போடறேன்னியே, அதுக்கு," என்று சொல்லிவிட்டு, என் தோளில் இன்னும் கொஞ்சம் கனத்தைப் போட்டுக்கொண்டு நடந்தார்.